கொம்பேறி மூக்கனைத் தேடி

பாட்டிமார் சொன்ன கதைகளில் பாதிக்கு மேல் நமக்கு மறந்து போய்விட்டது. ஏழு கடலுக்கு அப்பால் கிளியின் கழுத்தில் உயிரை ஒளித்து வைத்திருந்த ராட்சசனுடைய பெயர் இப்போது யாருக்கு ஞாபகம் இருக்கிறது? ஆனால் கொம்பேறி மூக்கனை மட்டும் மறந்தவர்கள் கிடையாது. உங்களுக்கும் சொல்லியிருப்பார்கள். அந்தப் பாம்பு கடித்தால் கடித்ததோடு போய்விடாதாம். விறுவிறு என்று பக்கத்து மரத்தில் ஏறி உச்சிக் கொம்பில் உட்கார்ந்துகொள்ளுமாம். கடிபட்டவனைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோய் எரிக்கிற புகை எழும்புகிறதா என்று அங்கிருந்தே பார்க்குமாம். புகையைக் கண்ட பிறகுதான் அதற்கு மனசு ஆறுமாம்; கீழே இறங்குமாம்.

இப்படிப்பட்ட வன்மம் மனிதர்களுக்குள்ளேயே அபூர்வம். ஒரு பாம்புக்கு எங்கிருந்து வந்தது என்று நான் அதிகம் யோசித்ததில்லை. யோசிக்க வைத்தது ஒரு கடிதம்.

திண்டிவனத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். அவர் வீட்டுக் கொல்லையில் ஒரு மாமரம். காலமான மாமனார் தம் கையால் நட்டு வளர்த்தது. சென்ற மாதம் அந்த மரத்தில் மெல்லிய பாம்பு ஒன்றைக் கண்டிருக்கிறார்கள். அக்கம்பக்கத்தார் ஒரே குரலில், "கொம்பேறி மூக்கன்!" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். அன்று முதல் மாமியார் கொல்லைப்பக்கம் அடி எடுத்து வைப்பதில்லை. பேரக் குழந்தைகளையும் விடுவதில்லை. மரத்தை வெட்ட ஆளுக்குச் சொல்லியாகிவிட்டது. 'வருகிற திங்கட்கிழமை வெட்டப் போகிறார்கள். மரம் முழுக்கப் பிஞ்சு விட்டிருக்கிறது. பார்க்கப் பார்க்க எனக்கு வயிற்றைப் பிசைகிறது. அது நிஜமாகவே அவ்வளவு பொல்லாத பாம்புதானா? உங்கள் பத்திரிகையில் யாராவது விசாரித்துச் சொல்வார்களா?' என்று முடித்திருந்தார்.

ஆசிரியர் கடிதத்தை என் மேஜைமேல் வைத்தார். "போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். ஓவியரையும் அழைத்துக்கொண்டு போங்கள்" என்றார். ஓவியரின் முகத்தை நீங்கள் அப்போது பார்த்திருக்க வேண்டும். அவர் பரமசிவன் படம் போடும்போதுகூடக் கழுத்துப் பாம்பைக் கடைசியாகத்தான் போடுவார்.

டிக்கெட் வாங்கும் பொறுப்பை அவரிடம் விட்டது என் தவறு. எழும்பூரில் நாங்கள் ஏறிய ரயில் திண்டிவனத்தில் நிற்காத ரயில். ஜன்னல் வழியாகத் திண்டிவனம் ஸ்டேஷனுக்குக் கையசைத்துவிட்டு விழுப்புரத்தில் போய் இறங்கினோம். அதுவும் நல்லதாகவே போயிற்று. திருச்சிக்கும், மாயவரம் தஞ்சாவூருக்கும், புதுச்சேரிக்கும், காட்பாடிக்கும் பாதை பிரிகிற ஜங்ஷன் அல்லவா? நாலு திக்கு ஜனங்களும் அங்கே டீ குடிக்கிறார்கள். 1993-ல் தென்னாற்காடு ஜில்லாவைப் பிரித்து விழுப்புரத்தைத் தலைநகராக்கிய பிறகு கூட்டம் இன்னும் அதிகம்.

டீக்கடை பெஞ்சில் கொம்பேறி மூக்கன் பேச்சை எடுத்தேன். ஐந்து நிமிஷத்தில் ஏழு கதைகள் கிடைத்தன. ஆனால் கடிபட்ட ஆள் யார் என்று கேட்டால், ஒருவருக்கு ஒன்றுவிட்ட சித்தப்பாவின் சம்பந்தி. இன்னொருவருக்குப் பக்கத்து ஊர்க் கணக்குப்பிள்ளையின் மச்சினன். தன் கண்ணால் கண்டவர் ஒருவர்கூட இல்லை.

விழுப்புரத்திலிருந்து பஸ்ஸில் வடக்கே திரும்பினோம். விக்கிரவாண்டி தாண்டி இரண்டு பக்கமும் நெல், கரும்பு, மணிலா. திண்டிவனத்தின் பெயர்க் காரணம் தெரியுமா? திந்திரிணி என்றால் வடமொழியில் புளி. திந்திரிணி வனம், அதாவது புளியங்காடு, திண்டிவனம் ஆயிற்று என்பார்கள். ஊரின் பெயரிலே வனம் இருக்கிறது. பஸ் நிலையத்தில் இறங்கி, சுற்றும்முற்றும் பார்த்து, அந்த வனம் எங்கே என்று ஓவியர் கேட்டார். பெயர்ப் பலகையைக் காட்டினேன்.

வாசகியின் வீட்டைக் கண்டுபிடிப்பதில் சிரமம் இருக்கவில்லை. 'பாம்பு மரத்து வீடு' என்று தெருக்கோடியிலேயே வழி சொன்னார்கள். மாமியார் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும்; நல்ல கணீரென்ற குரல்.

"வாங்க தம்பி, பட்டணத்துலேர்ந்து பாம்பு பாக்க வந்தீங்களா? எங்க வீட்டுக்காரர் வச்ச மரந்தான். வெட்டணும்னு எனக்கு ஆசையா? ரெண்டு புள்ளைங்க அங்கதான் வெளையாடுதுங்க. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?" என்றார்.

இதற்கு என்னிடம் பதில் இல்லை. நீங்களாக இருந்தாலும் அப்படித்தானே கேட்டிருப்பீர்கள்?

பாம்பு விஷயத்தில் பதில் சொல்லத் தகுந்தவர்கள் அந்தப் பக்கத்தில் இருளர்கள். திண்டிவனம், விழுப்புரம் சுற்று வட்டாரத்தில் ஏரிக்கரைகளிலும் வயலோரங்களிலும் அவர்களுடைய குடிசைகள் இருக்கின்றன. வயல் எலியைப் பிடித்து, அதன் வளையைத் தோண்டி, அது திருடிச் சேர்த்த நெல்லையும் மீட்டு எடுப்பார்கள். ஒரு காலத்தில் பாம்புத் தோல் வியாபாரிகளுக்குப் பாம்பு பிடித்துக் கொடுத்துப் பிழைத்தார்கள். 1972-ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டமும் அதையடுத்து வந்த ஏற்றுமதித் தடையும் அந்தத் தொழிலை நிறுத்திவிட்டன. 1978-ல் ராமுலஸ் விட்டேக்கர் முயற்சியில் மாமல்லபுரம் போகும் வழியிலுள்ள வடநெம்மேலியில் இருளர்களுக்காக ஒரு கூட்டுறவுச் சங்கம் உண்டாயிற்று. அங்கே நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் பிடித்து வந்து மண்பானைகளில் வைத்திருந்து, விஷத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, சில வாரங்களில் திரும்பக் கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். ஆஸ்பத்திரியில் பாம்புக்கடிக்குப் போடுகிற ஊசி மருந்து அந்த விஷத்திலிருந்துதான் பிறக்கிறது. செங்கற்பட்டுப் பக்கத்து இருளர்களான மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2017-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கே போய், அங்கே பெருகிவிட்ட மலைப்பாம்புகளைத் தேடிப் பிடித்துக் கொடுத்தார்கள். 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. இவ்வளவும் இருந்து, ஜாதிச் சான்றிதழ் ஒன்றுக்காக நடையாய் நடக்கிற இருளர் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஏரிக்கரைக் குடியிருப்பிலிருந்து ஒரு பெரியவரை அழைத்து வந்தோம். கொல்லையில் நுழைந்தவர் மரத்தடிக்குக்கூடப் போகவில்லை. கிணற்றடியிலேயே நின்று ஒரு பார்வை பார்த்தார்.

"அதோ கெடக்குது பாருங்க" என்றார்.

எங்களுக்கு மரம் தெரிந்தது, இலை தெரிந்தது, மாம்பிஞ்சு தெரிந்தது. பாம்பு தெரியவில்லை. அவர் விரல் நுனியைப் பிடித்துக்கொண்டு போன பிறகுதான், நாங்கள் சுள்ளி என்று நினைத்த ஒன்றுக்குக் கண் இருப்பது தெரிந்தது!

நன்றாகப் புளி போட்டுத் துலக்கிய வெண்கலப் பானையின் நிறம் இருக்கிறதே, அந்த நிறத்தில் தலையிலிருந்து வால் வரை முதுகிலே ஒரு கோடு. விலாவில் கறுப்பும் மஞ்சளுமாய்ச் சிறு தீற்றல்கள். விரல் தடிமன்தான். நீளம் மூன்றடி இருக்கும். அதில் மூன்றில் ஒரு பங்கு வாலே. தலையைச் சற்றே தூக்கி, பெரிய வட்டக் கண்களால் எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தது. அசையவில்லை. இரண்டு நிமிஷம் அந்தப் பார்வையின் கீழ் நின்றதும், பாட்டிமார் கதை எங்கே பிறந்திருக்கும் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

"கடிச்சா என்ன ஆகும்?" என்று வாசகி கேட்டார்.

"அது எங்கம்மா கடிக்குது? கையால புடிச்சா வெடுக்குனு ஒரு கவ்வு கவ்வும். முள்ளு கீறினாப்பல இருக்கும். வெசம் கெடையாது. அதுக்குப் பல்லி வோணும், ஓணான் வோணும், தவக்களை வோணும். நம்ம என்னாத்துக்கு அதுக்கு?" என்றார் பெரியவர்.

விஞ்ஞான நூல்களும் இதையேதான் சொல்கின்றன. கொம்பேறி மூக்கனுக்கு விஷப்பல் இல்லை. பகலில் நடமாடும் பாம்பு. இரவில் கிளையிலேயே சுருண்டு தூங்கிவிடும். அடிவயிற்றுச் செதில்களின் இரண்டு ஓரத்திலும் மடிப்புப் போல ஒரு விளிம்பு உண்டு. தென்னை ஏறுகிறவர் காலில் தளை மாட்டிக்கொள்கிறாரே, ஏறக்குறைய அந்த வேலையை அது செய்கிறது. மரப்பட்டையின் சொரசொரப்பில் பிடித்துக்கொண்டு நேர் செங்குத்தாக ஏறலாம். கிளைக்குக் கிளை தாவவும் செய்யும். பயந்துவிட்டால் கழுத்தை உப்பும். அப்போது செதில்களுக்கு நடுவே வெளிர் நீலத் தோல் பளிச்சிடும். மரப் பொந்துகளில் நீள நீளமாய் ஆறேழு முட்டை இடும். வெளிவருகிற குட்டி அரைஞாண் கயிறு தடிமன்கூட இராது. நம் நாட்டிலும் இலங்கையிலும் பல இடங்களில் வாழ்கிறது. 1803-ல் தோதேன் என்ற பிரெஞ்சுக்காரர் இதற்கு லத்தீனில் ஒரு பெயர் வைத்தார். 'திரிஸ்திஸ்' என்பது அதில் ஒரு பகுதி. 'துக்கம் நிறைந்த' என்று அர்த்தம். நம்மவர்கள் இதைக் கொலைகாரன் என்றார்கள். அவர் இதற்குத் துக்கத்தைச் சூட்டினார். எதற்காக என்று அவருக்கே வெளிச்சம்.

ஓவியர் இதற்குள் பெஞ்சியைக் கிணற்றுச் சுவரில் வைத்துவிட்டு, பாம்பைப் பார்த்துப் பார்த்து வரைய ஆரம்பித்திருந்தார். தூரம் மட்டும் குறையவில்லை.

மாமியார் சமையலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து குரல் கொடுத்தார்: "வெசம் இல்லேன்னா, அத்தனை பேரு செத்தாங்களே, அது பொய்யா?"

நல்ல கேள்வி. செத்தது பொய்யில்லை. 2000-லிருந்து 2019 வரை இருபது வருஷத்தில் இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் பன்னிரண்டு லட்சம் பேர் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். வருஷத்துக்கு ஏறக்குறைய 58,000 பேர். பெரும்பாலும் கிராமத்து ஜனங்கள். அப்படியானால் கொன்றது யார்?

பெரியவர் இதற்குப் பதில் சொன்னபோது குரலைத் தாழ்த்திக்கொண்டார். "கட்டுவிரியன் ராத்திரியில வரும்மா. தரையில படுத்திருக்கறவங்க பக்கத்துல வந்து, பொரண்டு படுத்தா கடிச்சிட்டுப் போயிடும். கடிச்சதே தெரியாது. வலிக்காது, வீங்காது. விடியக்காலையில வயித்து வலி, கண்ணு சொருவும், பேச்சு வராது. அதுக்குள்ள அது எங்கியோ போயிடும். சனங்க வெளிய வந்து தேடுவாங்க. வெளிச்சத்துல யாரு கண்ணுக்குக் கெடைப்பான்? மரத்துல குந்திக்கினு முழிச்சிக்கினு இருக்கானே, இவன்தான்."

நான் எழுதிக்கொண்டிருந்த நோட்டுப் புத்தகத்தை மூடிவிட்டேன். எத்தனையோ தலைமுறைகளாக இந்தப் பாம்பின் தலையில் கல் விழுந்துகொண்டிருப்பதற்கு இதைவிடப் பொருத்தமான காரணம் எனக்குத் தோன்றவில்லை. இரவில் கொன்றவன் ஓடிவிட்டான். காலையில் மரத்திலிருந்து வேடிக்கை பார்த்தவன் அகப்பட்டுக்கொண்டான். புகையை அது பார்த்தது என்னவோ உண்மையாகவே இருக்கலாம். அதுதான் எல்லாவற்றையும் பார்க்கிறதே!

ஆபத்து பாம்பு அடிபடுவதோடு போவதில்லை. 'கடித்தது கொம்பேறி மூக்கன், இனி வைத்தியம் பலிக்காது' என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாலும் சரி, மந்திரிக்கத் தூக்கிக்கொண்டு போனாலும் சரி, போகிறது உயிர்தான். எது கடித்திருந்தாலும் கடிவாயைக் கீறக் கூடாது, வாய் வைத்து உறிஞ்சக் கூடாது, கயிறு போட்டு இறுக்கக் கூடாது. கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல், ஆளை நடக்க விடாமல், உடனே அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். இந்த ஜில்லாக்காரர்களுக்கு முண்டியம்பாக்கத்தில் 2010-லிருந்து மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியே இருக்கிறது. தரையில் படுப்பவர்கள் கொசுவலையின் ஓரத்தைப் பாய்க்கு அடியில் செருகிக்கொண்டு படுத்தால் கட்டுவிரியனிடமிருந்து பெரும்பாலும் தப்பலாம்.

"இதுக்கு மொத ஊரு காடுங்க. புத்துப்பட்டுக் காட்டுல போய்ப் பாருங்க; அங்க இது ராசா மாதிரி இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் பெரியவர் கிளம்பினார். போகும்போது கூரைமேல் படர்ந்திருந்த ஒரு கிளையை மட்டும் காட்டி, "இத்த கழிச்சிடுங்க. அதுவும் வூட்டுக்குள்ள வராது, அம்மாவுக்கும் பயம் இருக்காது" என்றார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மரக்காணம் பஸ்ஸில் கிழக்கே போனோம். மரக்காணத்தில் உப்பளங்கள் கண்ணைக் கூசின. பக்கத்திலே கழுவேலி ஏரி. 2021-ல் பறவைகள் சரணாலயம் ஆக்கியிருக்கிறார்கள். அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே, புதுச்சேரி போகும் வழியில் கீழ்ப்புத்துப்பட்டு. மஞ்சனீஸ்வரர் என்ற அய்யனார் கோயில் கொண்ட ஊர். ஊரின் பெயரிலேயே புற்று இருக்கிறது பாருங்கள்!

வெளியே மாசி வெயில் மணலைப் பொரித்துக்கொண்டிருந்தது. கோயிலைச் சுற்றியுள்ள காட்டில் நுழைந்ததும் வீட்டுக் கூடத்துக்குள் வந்ததுபோல் ஒரு குளிர்ச்சி. உயரமான காடு அல்ல. குற்றாலத்தையோ முதுமலையையோ நினைத்துக்கொண்டு போனால் ஏமாந்துவிடுவீர்கள். வீரை, பாலை, எட்டி என்று தடித்த பச்சை இலை மரங்கள் தோளோடு தோள் உரசிக்கொண்டு நிற்கின்றன. நடுவே காயா மரங்கள். 'காயாம்பூ வண்ணன்' என்று பெருமாளைச் சொல்கிறோமே, அந்த நீலப் பூவுக்குச் சொந்தக்கார மரம். மரத்துக்கு மரம் கொடிகள் ஊஞ்சல் கட்டியிருக்கின்றன. ஐப்பசி கார்த்திகையில் பெய்கிற மழையை வைத்துக்கொண்டு, மற்ற மாதங்களின் வறட்சியில் இலை உதிர்க்காமல் பச்சையாகவே நிற்கும் காடு இது. ஒரு காலத்தில் சோழமண்டலக் கரை நெடுகத் திட்டுத் திட்டாக இந்த ஜாதிக் காடு பரவியிருந்தது. வீடும் வயலும் முந்திரித் தோப்புமாகப் போனது போக, மிஞ்சியவற்றில் பெரும்பகுதி கோயில் காடுகள். அய்யனார் காட்டில் சுள்ளி ஒடிக்கக் கூடாது என்ற பயம் காப்பாற்றிக் கொடுத்த மிச்சம். பயத்தினால் ஒரு மரம் விழப் போகிற ஊரிலிருந்து வந்த எனக்கு, பயத்தினால் ஒரு காடு நிற்பதைப் பார்க்க வேடிக்கையாக இருந்தது.

அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தோம். சும்மா உட்காருவது பத்திரிகைக்காரனுக்கு எளிதல்ல. முதலில் ஒரு ஓணான் அடிமரத்தில் ஓடியது. சட்டென்று நின்றது. அதற்கு மேலே, ஒரு கொடி தன்னைத் தானே அவிழ்த்துக்கொள்வதுபோல் நீண்டது. வெண்கலக் கோடு வெயில் துளியில் மின்னிற்று. ஓணான் பாய்ந்தது, அதுவும் பாய்ந்தது. இலைகள் சலசலத்தன. அவ்வளவுதான். யார் ஜெயித்தார்கள் என்று எங்களால் சொல்ல முடியாது. ஓவியரின் தாளில் ஒரே ஒரு வளைந்த கோடு மட்டும் இருந்தது. அவர் வாழ்நாளில் போட்ட கோடுகளில் அதுதான் சிறந்தது என்று நான் நினைக்கிறேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

அன்று மாலையே திண்டிவனத்துக்குத் திரும்பி, பார்த்ததையெல்லாம் மாமியாரிடம் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "காட்டுல இருக்கறது காட்டுல இருக்கட்டும் தம்பி" என்று மட்டும் சொன்னார். திங்கட்கிழமை என்ன நடக்கும் என்று தெரியாமலே சென்னைக்கு ரயில் ஏறினோம்.

பத்து நாள் கழித்து வாசகியிடமிருந்து கடிதம் வந்தது. ஆட்கள் கோடாலியோடு வந்தார்களாம். மாமியார் அவர்களுக்குக் காபி கொடுத்து, கூரைமேல் இருந்த கிளையை மட்டும் கழிக்கச் சொல்லி, முழுக் கூலியையும் கொடுத்து அனுப்பிவிட்டாராம். குழந்தைகள் மறுபடியும் கொல்லையில் விளையாடுகிறார்கள். மாமியார் கிணற்றடிக்குப் போகும்போதெல்லாம் அண்ணாந்து பார்த்து, "என்னடா, இன்னும் இங்கதான் இருக்கியா?" என்று ஒரு அதட்டல் போடுகிறாராம். 'புகை பார்க்கும் என்பதை மட்டும் அவர் விட்டுக் கொடுக்கவில்லை. பார்க்கட்டும், என் புகையை அது பார்க்க இன்னும் நாள் இருக்கிறது என்கிறார்' என்று எழுதியிருந்தார்.

கடிதத்தோடு ஒரு ஜாடி மாவடுவும் வந்திருந்தது. மரத்தைக் காப்பாற்றியதில் தம்முடைய பங்கு பெரிது என்று சொல்லி, ஓவியர் பாதிக்கு மேல் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.